நூல்நிலையக் கதவைத் திறந்த ரங்கநாதனார்

நம் செட்டிநாட்டு வீடுகளின் பழங்கணக்கேடுகளை, எழுதிய கணக்கப்பிள்ளையின் துணையின்றிப் புதியவர் படித்தறிதல் அரிது. நூறாண்டுகட்கு முன் நம் நாட்டுப் பெரிய நூல்நிலையங்களும் ஏறக்குறைய அந்நிலையிலேயே இருந்தன. நூலின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் சேவகர் எடுத்து வருவார். பெயரறியாத மாணவன் வெறுங்கையுடன் திரும்புவான். அந்நிலையை மாற்றியவர் ரங்கநாதனார்.

அவர் 1892-இல் சீர்காழியில் தோன்றினார். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் ராஸ் என்னும் பேராசிரியரிடம் கணிதம் பயின்று, 1916-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை ஆகிய இடங்களில் கணிதம் கற்பித்தார். 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் நூலகராயினார். ஆனால் அங்கு நிலவிய தனிமையைச் சகியாமல், மீண்டும் வகுப்பறைக்கே வர விரும்பித் தம் பழைய கலாசாலைத் தலைவரை அணுகினார். முதலில் இங்கிலாந்து சென்று வரும்படி அவர் கூறியனுப்பினார். அன்று இவர் விருப்பம் நிறைவேறாமற் போனது நம் நற்பேறே.

லண்டனில் ஸேயர்ஸ் என்பாரிடம் பயின்ற காலத்தில், கடையொன்றில் விளையாட்டுக் கருவி ஒன்றைக் கண்டார். சில உலோகத் துண்டுகளும் திருகாணிகளும் கொண்டே பற்பல உருவங்கள் அமைக்கலாம் என்பதைக் கண்டு வியந்தார். நெற்பயிர், அதன் நோய், அதற்குரிய மருந்து, நிகழ்ந்த இடம், காலம் எனப் பொருளைக் கூறு கூறாகப் பிரித்து, வேண்டியவாறு சேர்க்கும் முறை அவர் உள்ளத்தில் உதித்தது. 1933-இல் அது நூலாக வெளிவந்தது. கூறுகளுக்கிடையே இட்ட முக்காற்புள்ளியே அம்முறைக்குப் பெயராயிற்று.

1925-இல் தாயகம் திரும்பியவர் நூலடுக்குகளைப் படிப்போர்க்குத் திறந்துவிட்டார்; கேட்கத் தயங்கும் புதியவர்க்கு வழிகாட்ட உதவியாளரையும் அமர்த்தினார். படிப்போன் காலம் வீணாதலாகாது என்பதை 1931-இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு விதியாகவே வைத்தார்.

ஒன்று சொல்லாதிருத்தல் நேர்மையன்று. அவர் வகுத்த குறியீடுகள் நீண்டு சிக்கலாய் வளர்ந்தன. புதியவர்க்குக் கதவு திறந்தவரின் குறியீட்டைக் கண்டே புதியவர் மருண்டனர். அதனை மேற்கொண்ட நூல்நிலையங்கள் உலகில் சிலவே.

ஆயினும் கூறுபடுத்தும் கருத்து அழியவில்லை. 1972-இல் பெங்களூரில் அவர் மறைந்த பின், கணிப்பொறியில் தரவுத்தளங்கள் பெருகின. நியூசிலாந்தில் தோன்றி 2000-இல் பயனுக்கு வந்த கோஹா என்னும் நூல்நிலைய மென்பொருளின் மூலநிரலை எவரும் விலையின்றிப் பெறலாம். அதிற் பொருளொன்றைத் தேடுங்கால், ஆசிரியர், இடம், பொருள் எனப் பக்கத்தே கூறுகள் வரிசையாய்த் தோன்றும். குறியீடு எதுவும் கற்றிராத முதலாண்டு மாணவனும் அவற்றை ஒவ்வொன்றாய்த் தொட்டுத் தன் நூலைச் சென்றடைகிறான்.