சக்கர நாற்காலியில் ஒரு ஜனாதிபதி

பிறர் உதவியின்றி எழுந்து நிற்க முடியாத ஒருவர் அமெரிக்காவை 12 ஆண்டுகள் ஆண்டார். 4 முறை ஜனாதிபதித் தேர்தலில் வெற்றி பெற்றார். அவர்தான் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

1882-ல் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். 1921 ஆகஸ்டு மாதம் கனடாவிலுள்ள கம்போபெல்லோ தீவில் மனைவி மக்களோடு விடுமுறையைக் கழித்துக் கொண்டிருந்தார். ஒரு நாள் மாலை நீந்திக் குளித்துவிட்டு வந்து படுத்தார். குளிர் நடுக்கம் கண்டது. சில நாட்களில் இரு கால்களும் செயலற்றுப் போயின. இளம்பிள்ளை வாதம் என்றார்கள் வைத்தியர்கள். அப்போது அவருக்கு வயது 39.

அரசியலில் இனி அவருக்கு இடமில்லை என்று பலரும் நினைத்தார்கள். அவர் நினைக்கவில்லை.

கையால் ஓடிய மோட்டார்

கையில்லாத சாதாரண நாற்காலி ஒன்றுக்குச் சக்கரம் பொருத்தச் செய்து, அதில் வீட்டுக்குள் நடமாடினார். காலால் மிதிக்க வேண்டிய விசைகளைக் கையால் இயக்கும்படி மோட்டாரை மாற்றி அமைத்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரைச் சுற்றிய கிராமங்களுக்கு அந்த மோட்டாரைத் தாமே ஓட்டிப் போவார். வழியில் நிறுத்திக் குடியானவர்களின் கஷ்ட சுகங்களை விசாரிப்பார்.

அங்கிருந்த வெந்நீர் ஊற்றை 1926-ல் தம் சொத்தில் பெரும் பகுதியைப் போட்டு வாங்கினார். தம்மைப் போல் கால் இழந்தோருக்கு அதைச் சிகிச்சை நிலையமாக்கினார்.

விமானத்தில் லிப்டு

1933-ல் ஜனாதிபதியானார். பின்னர் அவருக்கென்றே ஒரு விமானம் தயாரானது. சக்கர நாற்காலியோடு அவரை மேலே ஏற்ற அதில் ஒரு லிப்டு இருந்தது. 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டுக்கு அந்த விமானத்தில்தான் போனார்.

ஜனாதிபதிக்கு லிப்டு கிடைத்தது. அதே நோயால் கால் இழந்த ஓர் ஏழைத் தொழிலாளிக்கு? பஸ் படியில் யாராவது தூக்கிவிட வேண்டும். இல்லையேல் வீட்டோடு கிடக்க வேண்டும். அதை மாற்றும் சட்டம் ரூஸ்வெல்ட் காலத்தில் வரவில்லை. தம் ஊனத்தை அவர் ஜனங்களுக்கு அதிகம் காட்டிக்கொண்டதும் இல்லை. பத்திரிகைகளும் அவரைச் சக்கர நாற்காலியில் காட்டும் படங்களைப் பெரும்பாலும் தவிர்த்தன.

1945 ஏப்ரல் 12-ந்தேதி வார்ம் ஸ்பிரிங்சிலேயே அவர் உயிர் பிரிந்தது.

பிறகு வந்த சலுகை

பொது வாகனங்களில் முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் சம உரிமை உண்டு என்று 1970-ல் அமெரிக்கச் சட்டம் கூறியது. அரசு உதவி பெறும் பஸ், ரெயில்களில் கூட்டம் குறைந்த நேரங்களில் அவர்களிடம் பாதிக் கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1974-ல் விதி வந்தது. புதிய பஸ்களில் சக்கர நாற்காலி ஏற வசதி வேண்டும் என்பது 1990-ல்தான் சட்டமாயிற்று.

வாஷிங்டனில் 1997-ல் ரூஸ்வெல்ட் நினைவகம் திறக்கப்பட்டது. அங்கிருந்த பெரிய சிலையில் அவருடைய நாற்காலியைப் போர்வை மறைத்திருந்தது. ஊனமுற்றோர் குறை கூறினார்கள், நிதி திரட்டினார்கள். 2001-ல் வாசலில் இன்னொரு சிலை எழுந்தது. அதில் ரூஸ்வெல்ட் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். இம்முறை போர்வை இல்லை.