புன்னைக்காயல் அண்டிரிக் அடிகளார்



கரிவலம்வந்தநல்லூர் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு நினைவு வருவது பால்வண்ணநாதர் மேல் எழுந்த கருவை அந்தாதிகள். அவற்றைப் பாடியவர் அதிவீரராம பாண்டியர் என்பாரும் உண்டு. அவர் உறவினர் வரதுங்கராம பாண்டியர் என்பாரும் உண்டு. அந்த வழக்கைப் புலவர்களுக்கு விட்டுவிடுவோம். இருவரும் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர்கள். நம் ஊரில் அரசர் ஆதரவில் தமிழ் இப்படிச் செழித்த அதே தலைமுறையில், கிழக்கே தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில், அரசரும் அல்லாத, புலவரும் அல்லாத பிறநாட்டார் ஒருவர் அதே தமிழை எழுத்துக்கூட்டிக் கற்று, அதைக் கொண்டு ஏழை எளியவர்களுக்கு ஊழியம் செய்துவந்தார். என்றிக்கே என்றிக்கஸ் என்பது அவர் பெயர். தமிழர் வாயில் அது அண்டிரிக் அடிகளார் என்றாயிற்று. ஒரு பங்குக் கோவில் தன்னைச் சுற்றியுள்ள ஊருக்கு என்ன செய்ய முடியும் என்று கேட்கிறவர்கள் அவர் வரலாற்றை அறிந்திருப்பது நலம்.

அடிகளார் 1520-ஆம் ஆண்டு போர்ச்சுகல் நாட்டில் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். அவர் முன்னோர் யூதர். அந்தக் காலத்தில் அந்நாட்டில் யூத வழிவந்த குடும்பத்தார் எவ்வளவுதான் பக்தியுள்ள கிறிஸ்தவர்களாய் இருந்தாலும், அவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது வழக்கம். இளமையில் பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்த இவரைப் பிறப்பைக் காரணம் காட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள். 1545-ல் சேசு சபை இவரை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே கப்பலேறிக் கோவா வந்து சேர்ந்தார். பிறப்பைச் சொல்லி ஒதுக்கப்பட்ட ஒருவர், பிறப்பை வைத்தே மனிதரை அளந்துகொண்டிருந்த நம் நாட்டுக்கு வேதபோதகராக வந்ததைத் தேவ சித்தம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

1547-ல் அர்ச். சவேரியார் அவரை முத்துக்குளித்துறைக்கு அனுப்பினார். அங்கே பரதவ மக்கள் ஏறக்குறைய பத்தாண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். சவேரியார் 1542-ல் வந்தபிறகுதான் அவர்களுக்கு ஒழுங்கான ஞானோபதேசம் கிடைக்கத் தொடங்கியது. சவேரியாரின் ஊழியம் நீங்கள் அறிந்ததே. ஆனால் அவருக்குத் தமிழ் வசப்படவில்லை. மொழிபெயர்ப்பவர்களை நம்பியே செபங்களைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டார். விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் வேண்டும் என்று பொருள்படும் சொல் விசுவாசப் பிரமாணத்தில் நுழைந்துவிட்டதை 1544-ல் அவரே கண்டுபிடித்துத் திருத்தச் சொல்லி எழுதினார். எத்தனை பெரிய அர்ச்சியசிஷ்டவரானாலும், மக்கள் மொழி தெரியாவிட்டால் மற்றவர் நாவைத்தானே நம்பியிருக்கவேண்டும்!

இந்தக் குறையை நீக்கப் பிறந்தவர்போல் அண்டிரிக் அடிகளார் வந்தார். முதலில் அவரும் மொழிபெயர்ப்பவர் ஒருவரையே வைத்திருந்தார். பிறகு இரவு பகலாகத் தமிழைப் பிடித்துக்கொண்டார். இலத்தீன் இலக்கணம் படித்த முறையிலேயே, தமிழ் வினைச்சொற்களைக் காலம், இடம், எண் என்று பிரித்து வரிசையாக எழுதிப் பார்த்தார். சில மாதங்களில் துணையின்றிப் பேசவும் பிரசங்கிக்கவும் தேறிவிட்டார். அப்படி எழுதிய குறிப்புகளே ஒரு தமிழ் இலக்கண நூலாயின. ஐரோப்பியர் தமிழுக்கு எழுதிய இலக்கணங்களில் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் அதுவே பழமையானது. அதன் கையெழுத்துப் பிரதி இன்றும் லிஸ்பன் நகரத்து நூலகத்தில் இருக்கிறது.

1549-ல் வேதாளையில் அந்தோனி கிரிமினாலி சுவாமி கொல்லப்பட்டார். அவர் இடத்தில் துறை முழுவதற்கும் தலைவராக வந்தவர் அண்டிரிக் அடிகளாரே. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பாரத்தைச் சுமந்தார். அவர் போட்ட முதல் சட்டங்களுள் ஒன்று கேட்க வேடிக்கையாக இருக்கும். துறையிலுள்ள குருமார் தங்களுக்குள்ளும் தமிழிலேயே பேசவேண்டும். தமக்கு எழுதும் கடிதங்களையும் தமிழிலேயே எழுதவேண்டும். தவறினால் அபராதத் தவம் உண்டு! தாய்மொழியில் இரண்டு வார்த்தை பேச ஏங்கிய அந்த வெள்ளைக்காரச் சுவாமிமார் எவ்வளவு தவித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஆனாலும் அதன் பலன் மக்களுக்குக் கிடைத்தது. தன் பாவத்தைத் தன் மொழியில் குருவிடம் சொல்லவும், தன் வியாதியைத் தன் மொழியில் விளக்கவும், ஏழைக் கடலோடிக்கு வழி பிறந்தது.

வியாதி என்றதும் புன்னைக்காயல் மருத்துவமனையைப் பற்றிச் சொல்லவேண்டும். அடிகளாருடைய ஊழியத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது இதுவே. சிப்பிக்குளிப்பும் மீன்பிடியும் செய்யும் மக்களுக்கு நோயும் விபத்தும் எப்போதும் வாசற்படியில் நிற்பவை. குளிக்கும் பருவத்தில் ஆயிரக்கணக்கானோர் கரையில் கூடுவார்கள்; காய்ச்சலும் பேதியும் கூடவே வந்துவிடும். சொந்த வீட்டில் கிடப்பவனுக்காவது கஞ்சி கொடுக்க ஒருத்தி இருப்பாள். யாருமற்றவன் கதி என்ன? அவனைப் போன்றவர்களை வைத்துப் பராமரிக்க அடிகளார் புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனையை ஏற்படுத்தினார். அப்படியொன்றை அந்தக் கரையார் அதற்குமுன் கண்டதில்லை.

அதைவிட முக்கியம், அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது. சவேரியார் காலத்தில் கோவில்களில் செபம் சொல்லிக்கொடுத்த கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுக்கப் போர்ச்சுகல் இராணியின் பாதரட்சைச் செலவுக்கென ஒதுக்கிய பணத்திலிருந்து ஆண்டுக்கு 4,000 பணம் வாங்கவேண்டியிருந்தது. இராணியின் தர்மத்தைக் குறைசொல்லவில்லை. ஆனால் கடலுக்கு அப்பாலிருந்து வரும் பணம் ஒரு கப்பல் வராவிட்டால் நின்றுபோகும். அடிகளார் வேறு வழி கண்டார். ஊர் மக்களின் காணிக்கையும், குற்றம் செய்தவர்களிடம் தண்டிய அபராதப் பணமும் மருத்துவமனைக்குச் சென்றன. கடலில் உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்தவன் அதில் ஒரு பங்கை, தனக்கு உறவு இல்லாத நோயாளிக்குக் கொடுத்தான். பிற மதத்தாரும் அதைக் கண்டு வியந்தார்கள். சுவாமியார் தொடங்கிவைத்த தர்மம் ஊரார் தர்மமாகிவிட்டது.

இதெல்லாம் அமைதியான காலத்தில் நடந்ததென்று எண்ணிவிடாதீர்கள். 1553-ல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது அடிகளாரும் சிறைப்பட்டார். 1560-ல் மீண்டும் ஊர் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. மக்களில் ஒரு பகுதியார் மன்னாருக்குக் குடிபெயர்ந்தார்கள். அடிகளாரும் அங்கே சென்று அவர்களோடு இருந்தார். பிறகு மறுபடியும் புன்னைக்காயலுக்கே திரும்பினார். தமிழ் கற்பிக்க அங்கே ஒரு பள்ளியும் நடந்தது.

அடுத்து அச்சுக்கூடம். 1554-லேயே லிஸ்பனில் தமிழர் மூவர் உதவியால் ஒரு தமிழ்ச் செபநூல் அச்சாகியிருந்தது. ஆனால் உரோமை எழுத்தில்! அதை நம் மக்கள் எப்படிப் படிப்பது? தமிழ் எழுத்திலேயே அச்சிடவேண்டும் என்று அடிகளார் விரும்பினார். கோவாவில் 1577-ல் யோவான் கொன்சால்வஸ் என்னும் சகோதரரும், கொல்லத்தில் 1578-ல் யோவான் தே பாரியா சுவாமியும் தமிழ் எழுத்துக்களை வார்த்தார்கள். 1578 அக்டோபர் 20-ஆம் தேதி கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் வெளிவந்தது. பதினாறே பக்கம். இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அதுவே. இதற்கும் பணம் கொடுத்தவர்கள் பரதவ மக்கள்தான். 400 குருசாதோ திரட்டித் தந்தார்கள். கல்விக்கு வாய்ப்பே இல்லாதிருந்த கடலோர மக்கள் புத்தகத்துக்குப் பணம் கொடுத்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

1579-ல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கமும், 1580-ல் பாவசங்கீர்த்தன நூலும், 1586-ல் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட அர்ச்சியசிஷ்டவர்கள் சரித்திரமும் வந்தன. கடைசியாகச் சொன்ன பெருநூலைத் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் 1967-ல் மறுபதிப்பாக வெளியிட்டது. அதைப் புரட்டிப் பாருங்கள். அக்காலக் கடற்கரையார் வீட்டில் பேசிய தமிழ் அதில் அப்படியே கேட்கும்.

அவர் தமிழில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். திவ்விய பூசையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை ஒலி பெயர்த்து மீசை என்பதுபோல் எழுதிவிட்டார். பின்னாளில் தத்துவ போதகராகிய இராபர்ட் தே நொபிலி சுவாமி அதைக் கண்டு, தமிழர் இதைக் கேட்டால் முகத்து மயிரைத்தானே நினைப்பார்கள் என்று வருந்தி மாற்றினார். ஆனால் நொபிலி சுவாமி ஏறிய ஏணிக்கு முதற்படி கட்டியவர் அண்டிரிக் அடிகளார். ஏணியின் அடிப்படியில் சேறு படிவது இயல்புதானே.

அடிகளார் ஏறக்குறைய ஐம்பத்துமூன்று ஆண்டு இம்மக்களிடையே வாழ்ந்தார். தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. 1600-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் தேதி, எண்பது வயதில், புன்னைக்காயலில் உயிர் துறந்தார். அவர் உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்த் தேவமாதா கோவிலில் அடக்கம் செய்தார்கள். பரதவ மக்கள் தங்கள் தகப்பனை இழந்து அழுததில் வியப்பில்லை. அக்கம்பக்கத்து முஸ்லிம்களும் அன்று நோன்பிருந்தார்கள். அண்டை ஊர்களில் இருந்த இந்துக்கள் உபவாசம் காத்துக் கடைகளை அடைத்தார்கள்.