வயிறறிந்த பெருந்தலைவர்

காரியாபட்டி போன்ற கரிசல் காட்டு ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் நம்மில் பலர், பள்ளியில் வரிசையாக அமர்ந்து மதிய உணவு உண்டு படித்தவர்கள். அந்தத் தட்டுச் சோற்றுக்குப் பின்னால் நம் மாவட்டம் ஈன்ற ஒரு பெருமகனின் வாழ்வு இருக்கிறது.

காமராசர் 15-7-1903 அன்று, இன்று விருதுநகர் எனப்படும் விருதுபட்டியில் பிறந்தார். இளமையிலேயே தந்தை குமாரசாமியை இழந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. விடுதலைப் போரில் பலமுறை சிறை சென்றார். 1954-இல் முதலமைச்சரானார். பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதைப் பட்டறிவால் உணர்ந்த அவர், 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார்.

அவர் உணர்ந்ததன் ஆழத்தை அறிவியல் இன்று குடலுக்குள் காண்கிறது. குடலையும் மூளையையும் நரம்பு இணைக்கிறது. மூளை விரைந்து வளரும் முதல் மூன்று ஆண்டுகளில்தான் குடலின் நுண்ணுயிர்க் கூட்டமும் உருப்பெறுகிறது. கடும் ஊட்டக்குறைவுற்ற வங்கதேசக் குழந்தைகளிடம் அக்கூட்டம் வயதுக்கேற்ப முதிரவில்லை என 2014-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அப்படியானால், பள்ளி வயது வரை காத்திருத்தல் தகாது.

காமராசர் மறைந்தது 2-10-1975. அதே நாளில்தான் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் தொடங்கிற்று. நம்மூரார் பால்வாடி என்றழைக்கும் அங்கன்வாடி அதன் பயனே. நம் தெருக் குழந்தைகள் அங்கே நாள்தோறும் உண்கின்றனரா என்று பார்ப்பது, அவர் சோற்றால் படித்த நம் கடமையன்றோ!