மருந்தோடு எச்சரிக்கையும் தந்த பிளெமிங்

பெனிசிலினைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், இடைநிலைப்பள்ளி மாணவர்களும் அலெக்சாண்டர் பிளெமிங் என்று சொல்லிவிடுவார்கள். நானும் அந்தப் பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவன்தான். அவருடைய வாழ்க்கையை முழுமையாகப் படித்தது, என் தாத்தாவின் கால்விரல் ஒன்றை அகற்றிய பிறகுதான்.

தாத்தாவுக்குப் பல ஆண்டுகளாக இனிப்பு நீர். சென்ற ஆண்டு செருப்புக் கடித்த இடத்தில் புண் வந்து சீழ்பிடித்தது. மருத்துவர் கொடுத்த ஆண்டிபயாட்டிக் மாத்திரைகளை, வீக்கம் வற்றியதும் நிறுத்திவிட்டார். மீதியை அடுத்த தடவைக்கு என்று மேசை இழுப்பறையில் வைத்தார். உயிர்மருத்துவம் படிக்கும் நான் அந்த மாத்திரை அட்டையைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

பிளெமிங் 1881இல் ஸ்காட்லாந்தில், டார்வெல் ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். லண்டனுக்கு வந்து கப்பல் நிறுவனமொன்றில் எழுத்தராக வேலை பார்த்தார். உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பணம் கைகொடுக்க, 1901இல் செயின்ட் மேரிஸ் மருத்துவமனைக் கல்லூரியில் சேர்ந்தார்.

முதல் உலகப் போரின்போது பிரான்ஸின் பூலோன் நகரில் பணியாற்றினார். படைவீரர்களின் காயங்களில் கிருமிநாசினியை ஊற்றியும் அவை அழுகின. காரணம் அறிய, கண்ணாடிக் குழாயின் சுவரைச் சூடாக்கி, முட்கள்போல் குழிகளை இழுத்து ஒரு செயற்கைக் காயத்தைச் செய்தார். குழிகளின் அடியில் பதுங்கிய பாக்டீரியாவை மருந்து எட்டவில்லை என்பது தெரிந்தது. உடலைக் காக்கும் வெள்ளை அணுக்களைத்தான் அது அதிகம் கொன்றது.

1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து திரும்பியவர், ஸ்டெஃபிலோகாக்கஸ் வளர்த்த தட்டில் பூஞ்சணம் படர்ந்திருப்பதையும், அதைச் சுற்றிப் பாக்டீரியா அழிந்திருப்பதையும் கண்டார். அதை மருந்தாக்கியவர்கள் ஆக்ஸ்ஃபர்டைச் சேர்ந்த புளோரியும் செயினும் அவர்களுடைய குழுவினரும். 1945இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

உலகமே பாராட்டிய அந்த நோபல் உரையில் பிளெமிங் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். போதாத அளவில் பெனிசிலின் எடுத்தால் பாக்டீரியா சாகாது. அதை எதிர்க்கப் பழகிவிடும் என்றார். அவர் 1955இல் மறைவதற்குள்ளேயே பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் மருத்துவமனைகளில் பரவிவிட்டது.

இதைப் படித்தபோது தாத்தாவின் கால்தான் நினைவுக்கு வந்தது. இனிப்பு நீரால் நரம்பு மரத்துப்போனதால் அவருக்கு வலி தெரியவில்லை. இரத்தக் குழாய்கள் சுருங்கியதால் விழுங்கிய மருந்தும் விரல்வரை சரியாகப் போய்ச் சேராது. பிளெமிங்கின் கண்ணாடிக் குழிகளைப்போல் அங்கும் பாக்டீரியாவுக்கு ஒளிய இடம் உண்டு. பலவீனமானவை சாக, தாக்குப்பிடித்தவை பெருகும்.

புண் திரும்பி வந்தபோது பரிசோதனையில் அதே ஸ்டெஃபிலோகாக்கஸ்தான் வளர்ந்தது. பழைய மாத்திரை அதனிடம் பலிக்கவில்லை. மருத்துவர் யாரையும் குறைசொல்லவில்லை. ஆனால், அந்த இழுப்பறையை நான் மறக்கவில்லை.

இப்போது தினமும் இரவில் தாத்தாவின் பாதங்களை நான்தான் பார்க்கிறேன், விரலிடுக்கு உட்பட. நண்பர்களே, உங்கள் வீட்டு இழுப்பறையிலும் பாதி அட்டை கிடக்கலாம். அதை இன்றே எடுத்து, மருந்தகத்தில் கேளுங்கள். என்னைப்போல் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.