வாயுவை எண்ணக் கற்பித்த வழக்குரைஞர்

இத்தாலியின் டூரின் நகரில் 1776ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் பிறந்தவர் அமேதியோ அவகாட்ரோ. குடும்ப வழக்கப்படி சட்டம் பயின்று, இருபது வயதிலேயே திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்று வழக்குரைஞரானார். ஆயினும் அவர் உள்ளம் இயற்பியலிலும் கணிதத்திலுமே தோய்ந்திருந்தது. அவற்றை முயன்று கற்று, 1809இல் வெர்செல்லி நகரில் ஆசிரியப் பணி ஏற்றார்.

அக்கால வேதியியலாரை ஒரு புதிர் வாட்டியது. இரு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் கூடினால் இரு பங்கு நீராவி கிடைக்கும் என்று கே-லூசாக் 1808இல் அளந்து காட்டியிருந்தார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வாயுக்களில் துகள்களும் சம எண்ணிக்கையில் உள்ளன எனக் கொண்டால், ஓர் ஆக்சிஜன் துகள் இரண்டு நீர்த்துகள்களுக்குப் பங்காக வேண்டும். பிளக்கவொண்ணாத அணு எவ்வாறு பங்காகும்? அத்துகள் தனி அணு அன்று, ஈரணுக்கள் கூடிய மூலக்கூறு என 1811இல் அவகாட்ரோ விடை கண்டார்.

அறிவுலகம் செவிசாய்க்கவில்லை. ஒரே வகை அணுக்கள் ஒன்றையொன்று விலக்கும் என்னும் பெர்சீலியஸின் கொள்கையே அன்று செல்வாக்குப் பெற்றிருந்தது. 1820இல் டூரின் பல்கலைக்கழகத்தில் கிடைத்த பேராசிரியர் பதவியும் அரசியல் கிளர்ச்சியை அடுத்துப் பறிபோயிற்று, 1834இல்தான் மீண்டது. அதே ஆண்டில் பாயில், சார்லஸ் ஆகியோரின் விதிகளைக் கிளாபிரான் ஒரே சமன்பாடாக இணைத்தார். இன்று நாம் பயிலும் நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் மோல் எண்ணிக்கை இடம்பெறுவது அவகாட்ரோவின் கருத்தால்தான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 300 கெல்வின் வெப்பநிலையில், 1 வளிமண்டல அழுத்தத்தில், 4.926 லிட்டர் ஆக்சிஜனின் நிறை 6.4 கிராம். அழுத்தத்தையும் கனஅளவையும் பெருக்கினால் 4.926, வாயு மாறிலியாகிய 0.0821ஐ வெப்பநிலையால் பெருக்கினால் 24.63. முன்னதைப் பின்னதால் வகுக்க 0.2 மோல் வரும். 6.4ஐ 0.2ஆல் வகுக்க மோலார் நிறை 32 கிராம் எனக் கிடைக்கிறது. ஆக்சிஜனின் அணு நிறையோ 16. மாணவர் பலர் 6.4ஐ 16ஆல் வகுத்து 0.4 மோல் என எழுதி இடறுவது இங்கேதான். அன்றைய பேரறிஞர்கள் இடறியதும் ஏறத்தாழ இதே இடத்தில்தான்!

அவகாட்ரோ 1856இல் மறைந்தார். நான்காண்டுகள் கழித்துக் கார்ல்ஸ்ரூவில் கூடிய வேதியியலார் மாநாட்டில், அவர் நாட்டவரான கானிசாரோ அக்கருத்தை எடுத்துரைத்தார். அவருடைய சிறுநூலும் அங்கு வழங்கப்பட்டது. அதன் பின்னரே அணு நிறைக் குழப்பம் படிப்படியாக நீங்கியது. ஒரு மோலில் அடங்கும் துகள்களின் எண்ணிக்கையை அவகாட்ரோ கணக்கிட்டதே இல்லை. அவ்வெண்ணுக்கு அவர் பெயரை 1909இல் சூட்டியவர் பிரெஞ்சு அறிஞர் பெரின்.