எட்டுப் போட்ட டாக்டர்

கூடைப்பந்து ஆட்டத்தில் ஒரு கோஷ்டிக்கு 5 பேர். ஆனால், பந்து ஒன்றுதான். ஒருவன் கையில் பந்து இருக்கும்போது, மற்ற 4 பேருக்கும் என்ன வேலை?

சிறுவர்கள் ஆடுவதைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இரண்டு பேர் பந்தின் பின்னாலேயே ஓடுவார்கள். ஒருவன் நின்ற இடத்திலேயே கையை நீட்டிக்கொண்டு கத்துவான். இன்னொருவன் தனக்குப் பந்து வராது என்று முடிவு செய்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பான்.

பந்து இல்லாமல் நிற்கும் அந்த 4 பேருக்கும் வேலை கொடுத்தவர் ஒரு வைத்தியர். அவர் பெயர் ஹென்றி கிளிஃபோர்ட் கார்ல்சன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் கோஷ்டிக்கு 31 பருவங்கள் பயிற்சி கொடுத்தவர். டாக் கார்ல்சன் என்றால் கூடைப்பந்து உலகில் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் என்பதைச் சுருக்கி டாக் என்று அழைத்தார்கள்.

ஆட்டமும் அவரும்

1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கூடைப்பந்து ஆட்டத்தை உண்டாக்கினார். பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகளை உயரத்தில் மாட்டினார். மாணவர்களைப் பந்து போடச் சொன்னார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்று ஒரு விதியும் செய்தார்.

இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கார்ல்சனின் வித்தைக்கு வேர் இதில்தான் இருக்கிறது. பந்தோடு ஓட முடியாதென்றால் அதை இன்னொருவருக்குக் கொடுத்தாக வேண்டும். வாங்குகிறவன் நல்ல இடத்தில் இருக்க வேண்டும். ஆகவே, பந்து இல்லாதவன்தான் ஓட வேண்டும்!

இதற்கு இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1894 ஜூலை 4-ந் தேதி கார்ல்சன் பிறந்தார். ஒஹாயோ மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதியில் உள்ள மர்ரே சிட்டி அவர் பிறந்த ஊர். அவருக்கும் கூடைப்பந்துக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

வாலிபனான கார்ல்சன் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் முதலில் பெயர் எடுத்தது கூடைப்பந்தில் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில்தான். நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராக 1917-இல் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆடிக்கொண்டே வைத்தியமும் படித்தார். 1920-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1922-இல் அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துக் கோஷ்டிக்குப் பயிற்சியாளர் ஆனார்.

தோல்வி வந்தது

தொடக்கத்தில் பெரிய புகழ் கிடைத்துவிடவில்லை. 1924-25 பருவத்தில் வெற்றியைவிடத் தோல்விகளே அதிகம்.

அந்த நாளில் பல கோஷ்டிகள் ஆடிய விதம் வேறு. ஆளுக்கு ஓர் இடம் உண்டு. காப்பவர்கள் பின்னால் நிற்பார்கள். பந்து போடுகிறவர்கள் கூடைக்குப் பக்கத்தில் நிற்பார்கள். நின்றுகொண்டிருப்பவனை மறிப்பது சுலபம். எதிரி பக்கத்தில் வந்து நின்றாலே போதும்.

கார்ல்சன் இந்த வழக்கத்தை மாற்றினார். யாரும் ஓரிடத்தில் நிற்கக் கூடாது. எல்லோரும் ஓடவேண்டும். ஆனால், கண்டபடி ஓடக் கூடாது. ஒவ்வொருவனும் எங்கே ஓடுவது என்பதற்கு ஒரு பாதை வகுத்தார். அந்தப் பாதையைக் காகிதத்தில் வரைந்து பார்த்தால், 8 என்ற எண்ணைப் படுக்க வைத்தாற்போல் இருக்கும். ஆகவே, அதற்கு எட்டு ஆட்டம் என்றே பெயர் வந்தது.

எட்டுப் போடுவது எப்படி?

இது பெரிய கம்பசூத்திரம் அல்ல. 3 சிறுவர்கள் இருந்தால் போதும், செய்து பார்க்கலாம்.

கூடையிலிருந்து சற்றுத் தொலைவில் 3 பேரும் ஒரே வரிசையில், இடைவெளி விட்டு நிற்கவேண்டும். நடுவில் நிற்பவன் கையில் பந்து. அவன் அதை வலப்பக்கத்துச் சிறுவனிடம் கொடுக்கிறான். கொடுத்துவிட்டு நிற்கவில்லை. வாங்கியவனின் முதுகுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வலப்புறம் ஓடுகிறான்.

பந்தை வாங்கியவன் அதைத் தரையில் தட்டிக்கொண்டு நடுவுக்கு வருகிறான். அதே நேரத்தில் இடப்பக்கத்துச் சிறுவனும் நடுவை நோக்கி வருகிறான். பந்து அவன் கைக்கு மாறுகிறது. கொடுத்தவன் அவனுக்குப் பின்புறமாகச் சுற்றி இடப்புறம் போகிறான். இதற்குள் வலப்புறம் போன முதல் சிறுவன் திரும்பி நடுவுக்கு வந்துவிடுகிறான். பந்து மறுபடி அவனுக்கு!

இப்படியே ஓட்டம் தொடர்ந்துகொண்டே இருக்கும். முடிவே கிடையாது. பின்னல் கோலாட்டத்தில் பெண்கள் ஒருவரை ஒருவர் சுற்றி வருவார்களே, அதைப் போல. கொடு, சுற்றி ஓடு, திரும்பி வா, பாடம் இவ்வளவுதான். மூவர் பழகிய பிறகு ஐவரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வெறுமனே சுற்றினால் புள்ளி கிடைக்குமா? கிடைக்காது. இந்தச் சுற்றலில் எதிரிகள் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள். அல்லது ஒருவன் ஓர் அடி பின்தங்குவான். அந்த ஓர் அடிதான் வாய்ப்பு! உடனே எட்டை விட்டுவிட்டு நேராகக் கூடையை நோக்கிப் பாயவேண்டும். பந்து அவனைத் தேடி வரும். வாய்ப்பு இல்லையா? குற்றமில்லை, எட்டைத் தொடரலாம்.

சிறுவர்களுக்கு இதைக் கற்றுத் தரும்போது அவசரம் உதவாது. முதலில் பந்து இல்லாமல் நடந்து பழகட்டும். பிறகு பந்தோடு நடக்கட்டும். அதன் பிறகு ஓடட்டும். எதிரிகளை நிறுத்துவது கடைசியில்தான்.

பழகும்போது இரண்டு தவறுகள் வழக்கமாக வரும். பந்தைக் கொடுத்தவன் வேலை முடிந்தது என்று நின்றுவிடுவான். அல்லது 3 பேரும் ஒரே நேரத்தில் நடுவுக்கு ஓடி வந்து முட்டிக்கொள்வார்கள். ஓரத்துக்குப் போனவன் அகலமாகப் போய்த் திரும்பினால், இரண்டாவது தவறு தானே மறைந்துவிடும்.

21-க்கு 21

கார்ல்சன் பட்ட பாடு வீண்போகவில்லை. 1927-28 பருவத்தில் அவருடைய கோஷ்டி 21 ஆட்டங்கள் ஆடியது. 21-இலும் வெற்றி! 1929-30 பருவத்தில் 23 வெற்றிகள். தோல்வி இரண்டே இரண்டு. அப்போது தேசியப் போட்டி என்று ஒன்று நடக்கவில்லை. பிற்காலத்தில் ஹெல்ம்ஸ் நிறுவனம் பழைய கணக்குகளை ஆராய்ந்து, இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் பிட்ஸ்பர்க் கோஷ்டியையே தேசத்தின் முதல் கோஷ்டியாக அறிவித்தது.

அந்தக் கோஷ்டியின் நட்சத்திரம் சார்லி ஹயாட். பந்து போடுவதில் சூரர். 1930-இல் மொன்டானா மாநிலக் கோஷ்டியோடு நடந்த கடும் ஆட்டத்தில், கடைசி நேரத்தில் அவர் போட்ட பந்துதான் வெற்றி தேடித் தந்தது.

அப்படியானால், வெற்றிக்குக் காரணம் எட்டா, ஹயாட்டா? இரண்டும்தான். ஆனால், ஹயாட் படிப்பை முடித்துப் போய் 11 ஆண்டுகள் ஆன பிறகும், 1941-இல் பிட்ஸ்பர்க் கோஷ்டி தேசியப் போட்டியின் கடைசி நான்கு கோஷ்டிகளில் ஒன்றாக வந்தது. ஒரு நட்சத்திரம் போனாலும் முறை நின்றது.

களைப்பை அளந்தவர்

ஓயாமல் ஓடினால் களைப்பு வராதா? இந்தக் கேள்வியை வைத்தியரான கார்ல்சன் சும்மா விடவில்லை. களைப்பைப் பற்றி ஆராய்ச்சியே செய்தார்.

அவர் வகுத்த சோதனை மிகவும் எளிது. நின்ற இடத்திலேயே 10 விநாடி முழு வேகத்தில் ஓடவேண்டும். பிறகு 10 விநாடி ஓய்வு. இப்படிப் 10 தடவை. ஒவ்வொரு தடவையும் வலது கால் எத்தனை முறை தரையைத் தொட்டது என்று எண்ணிக் குறிக்கவேண்டும். எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால், உடல் பழகவில்லை என்று அர்த்தம். இந்தச் சோதனை அவர் பெயராலேயே வழங்குகிறது.

அவர் பயிற்சியாளர் மட்டும் அல்ல. பல்கலைக்கழக மாணவர்களின் சுகாதாரப் பிரிவுக்கும் பல ஆண்டுகள் தலைவராக இருந்தார்.

கோபக்காரர், வேடிக்கைக்காரர்

ஆட்டக்களத்தில் கார்ல்சன் அமைதியான மனிதர் அல்ல. நடுவர்களோடு சண்டை போடுவார். எதிர்க் கோஷ்டியின் ரசிகர்கள் கூச்சல் போட்டால், அவர்களுக்கு வேர்க்கடலையை வீசுவார். ஒரு முறை மேற்கு வர்ஜீனியாவில் நடுவரின் தீர்ப்பைக் கண்டு, தன் உடம்பெல்லாம் எரிகிறது என்று திரும்பத் திரும்பக் கத்தினார். ரசிகர் ஒருவர் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் தலையில் ஊற்றிவிட்டார்!

எட்டுக்கும் எதிரி உண்டு

எட்டு ஆட்டத்துக்கும் ஒரு பலவீனம் இருந்தது. எதிரிகள் ஆளுக்கு ஆள் துரத்தி வந்தால்தான் அவர்களைப் பின்னலில் சிக்க வைக்க முடியும். அவர்கள் ஆளைத் துரத்தாமல், ஆளுக்கு ஓர் இடத்தைக் காத்து நின்றுவிட்டால்? சுற்றுகிறவன் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

இடத்தைக் காக்கும் இந்த முறையைக் கார்ல்சன் அடியோடு வெறுத்தார். சில ஆட்டங்களில் பந்தைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கும்படி தன் ஆட்களுக்குச் சொன்னார். இத்தனை விநாடிக்குள் பந்தைப் போடவேண்டும் என்ற விதி, ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 1985-இல்தான் பொதுவாக வந்தது. ஓடாதவனைக் கண்டால் பிடிக்காத மனிதர், தன் கோஷ்டியையே நிற்க வைத்தார்! ரசிகர்கள் பொறுமை இழந்ததில் வியப்பில்லை.

காலம் மாறியது. கடைசி ஆண்டுகளில் தோல்விகள் கூடின. 1953-இல் கார்ல்சன் பயிற்சியாளர் பதவியை விட்டார். அதுவரை 367 வெற்றிகள் தேடித் தந்திருந்தார். 1959-இல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் முதன்முதலாக இடம்பெற்றவர்களில் அவரும் ஒருவர். மாணவர் ஹயாட்டும் ஒருவர். 1964 நவம்பரில் கார்ல்சன் காலமானார்.

அவர் ஆடிய அதே எட்டை இன்று பெரிய கோஷ்டிகள் ஆடுவதில்லை. ஆனால், 3 பேர் பந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துச் சுற்றி ஓடும் பயிற்சி, பள்ளிக்கூட மைதானங்களில் இன்றும் நடக்கிறது. பந்தைக் கொடுத்தவனும் தொடர்ந்து ஓடவேண்டும் என்பதை ஆட்டம் பழகும் பிள்ளைகள் முதலில் அங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள்.