நினைத்தது ஒரு கரை, சேர்ந்தது ஒரு கரை: இப்னு பதூதா (ரஹ்) வாழ்வு தரும் படிப்பினை

கல்பாக்கம், புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் பகுதிகளில் உம்ராவுக்கோ வளைகுடா வேலைக்கோ ஆயத்தமாகும் குடும்பங்களுக்குப் பயணம் தடைபடுவது புதிதல்ல. 2020இலும் 2021இலும் ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்திருந்த இந்திய மக்கள் கொரோனாவால் புறப்பட முடியவில்லை. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலால் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. கட்டிய பெட்டியைத் திரும்பப் பிரிக்கும் நேரத்தில் உள்ளத்தில் ஒரு கேள்வி எழும். இஸ்திகாரா தொழுது, பெரியவர்களிடம் துஆ பெற்று முடிவு செய்த பயணம் ஏன் நின்றது? அல்லாஹ் நம்மைக் கைவிட்டு விட்டானா?

இந்தக் கேள்வியோடு இப்னு பதூதா (ரஹ்) அவர்களின் வாழ்வைப் படித்துப் பார்க்க வேண்டும். உலகம் அவரைப் பெரும் பயணியாக அறியும். ஆனால் அவர் போட்ட திட்டங்களில் எத்தனை தகர்ந்தன என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

மொராக்கோவின் தன்ஜா நகரில் 1304ஆம் ஆண்டு (ஹிஜ்ரி 703) மார்க்கச் சட்ட அறிஞர்கள் நிறைந்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1325இல், 21 வயதில், பெற்றோரைப் பிரிந்து தனியாக ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். எகிப்து வந்தவர் நைல் நதி வழியே தெற்கே சென்று, ஐதாப் துறைமுகத்தில் கப்பலேறி ஜித்தா செல்ல நினைத்தார். வழியில் நபிகளாரின் வம்சத்தில் வந்த பெரியவர் ஒருவரைச் சந்தித்தார். ஷாம் நாட்டு வழியாகத்தான் உமது முதல் ஹஜ் அமையும், திரும்பிச் செல்லும் என்று அவர் கூறினார். இளைஞரான இப்னு பதூதா அதைப் பொருட்படுத்தாமல் தம் வழியே சென்றார். ஐதாப் சென்று பார்த்தால், அப்பகுதித் தலைவருக்கும் எகிப்து அரசின் படையினருக்கும் சண்டை மூண்டு கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டிருந்தன. சேர்த்து வைத்த பயண உணவையெல்லாம் விற்றுவிட்டு, வந்த வழியே கெய்ரோ திரும்பினார்.

இது வீண் அலைச்சல் என்றே அன்று எவருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் அந்தச் சுற்றுவழியில்தான் அவர் பைத்துல் முகத்தஸைக் கண்டார். 1326 ரமளானில் டமாஸ்கஸ் உமைய்யாப் பள்ளியில் 14 அமர்வுகளில் ஸஹீஹுல் புகாரி முழுவதையும் செவியுற்று இஜாஸா பெற்றார். அதன் பின் ஷாம் நாட்டு ஹஜ் கூட்டத்தோடு சென்று அதே ஆண்டு ஹஜ்ஜும் செய்தார். ஐதாபில் கப்பல் கிடைத்திருந்தால் இந்தப் பாடம் அவருக்குக் கிடைத்திருக்காது.

ஆனால் எல்லாத் தடைகளும் இப்படி இனிமையாக முடிவதில்லை. 1333இல் இந்தியா வந்த அவர் டெல்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் காழியாக இருந்தார். பின்னர் சுல்தானின் சந்தேகத்துக்கு ஆளாகி, உலகப் பற்றைத் துறந்து, மீண்டும் ஹஜ் செல்ல விரும்பினார். சுல்தானோ அவரைச் சீனாவுக்குத் தூதராக அனுப்பினார். கோழிக்கோட்டில் பரிசுப் பொருட்களும் தோழர்களும் கப்பலேறிய பின், ஜும்ஆவுக்காக அவர் மட்டும் கரையில் தங்கினார். புயல் வந்தது. ஒரு பெரிய கப்பல் உடைந்து, உடன் வந்த தூதர்களின் ஜனாஸாக்கள் கரை ஒதுங்கின. அவருடைய உடைமைகளும் அவருடைய வீட்டாரும் இருந்த கப்பலோ கடலோடு போய்விட்டது. அவர் கையில் மிஞ்சியது பத்துத் தீனாரும் ஒரு விரிப்பும்தான்.

இங்கே நாம் நிதானிக்க வேண்டும். அவர் ஜும்ஆவால் காப்பாற்றப்பட்டார் என்று சொல்வது எளிது. அப்படியானால் கப்பலில் மூழ்கிய முஸ்லிம்களை அல்லாஹ் கைவிட்டானா? ஒருபோதும் அப்படிச் சொல்லக் கூடாது. தண்ணீரில் மூழ்கி இறப்பவர் ஷஹீதின் நற்கூலி பெறுவார் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். கரையில் நின்றவருக்கும் கடலில் போனவருக்கும் ஒரே ரப்புதான். விமானத்தைத் தவறவிட்டதால் உயிர் பிழைத்தோம் என்று நன்றி செலுத்தலாம். அதைப் பிறர் மீது நமக்குள்ள சிறப்பாகப் பேசுவது தவக்குல் ஆகாது.

அதன்பின் மாலத்தீவில் காழியாக இருந்து, இலங்கை சென்று, அங்கிருந்து மஅபருக்குக் கப்பலேறினார். கொல்லம் முதல் நெல்லூர் வரை நீண்ட கரையை அக்கால முஸ்லிம் வரலாற்றாசிரியர்கள் மஅபர் என்று அழைத்தனர். நமது கல்பாக்கமும் சதுரங்கப்பட்டினமும் அந்தக் கரையில்தான் இருக்கின்றன. கரையை நெருங்கும்போது காற்று வலுத்து, கப்பல் ஆழமற்ற பகுதியில் சிக்கிக்கொண்டது. பாய்மரத்தை வெட்டினார்கள். மரங்களைக் கட்டித் தெப்பம் செய்தார்கள். தோழர்களை முதலில் அனுப்பிவிட்டு, அவர் உடைந்த கப்பலின் பின்புறத்தில் இரவைக் கழித்தார். காலையில் படகு கொண்டுவந்து மீட்டவர்கள் முஸ்லிம் அல்லாத உள்ளூர் மக்கள். பழமும் மீனும் கொடுத்து உபசரித்தவர்களும் அவர்களே. அல்லாஹ்வின் உதவி யார் கையால் வரும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது.

அப்போது மதுரையில் ஆட்சி செய்த கியாதுத்தீன் தாமகானி அவருக்குச் சகலை முறை. மாலத்தீவின் மீது படையெடுக்கலாம் என்ற யோசனையை இப்னு பதூதாவே அவரிடம் கூறினார். ஏற்பாடும் தொடங்கியது. ஆனால் கப்பல்கள் தயாராக மூன்று மாதம் வேண்டும் என்றார் கடற்படைத் தலைவர். அதற்குள் மதுரையில் கொள்ளை நோய் பரவி, சுல்தானும் வஃபாத்தானார். காய்ச்சலில் விழுந்த இப்னு பதூதா புளியைக் கரைத்துக் குடித்துக் குணமாகி, ஊரை விட்டே கிளம்பிவிட்டார். அந்தப் படையெடுப்புக்கு அவர் போகவில்லை. நமது சில திட்டங்கள் தடைபடுவது நமக்கும் பிறருக்கும் செய்யப்படும் ரஹ்மத். அதே சுல்தானின் ஆட்சியில் கைதிகளும் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டதைக் கண்டு, உறவினர் என்றும் பாராமல் அதைப் பெருங்கொடுமை என்று அவர் பதிவு செய்தார். எதிர்பாராத இடத்தில் வந்து சேர்ந்தாலும் ஹக்கைச் சொல்லும் கடமை நீங்காது.

தென்னிந்தியக் கடலில் கொள்ளையரிடம் உடைமைகளை இழந்தார். பின்னர் வங்காளம், சுமத்ரா வழியாகச் சீனாவரை சென்றதாகக் கூறுகிறார். 1349இல் மொராக்கோ திரும்பியபோது தாயார் சில மாதங்களுக்கு முன்பே கொள்ளை நோயில் வஃபாத்தாகியிருந்தார். தந்தையோ பல ஆண்டுகளுக்கு முன்பே இறந்திருந்தார். அந்த இழப்பை எந்தப் பயணமும் ஈடு செய்யவில்லை. மறுமையில்தான் ஈடு உண்டு. 1355இல் மன்னரின் ஆணைப்படி அவர் சொல்ல, இப்னு ஜுஸய் எழுதி முடித்த நூலால்தான் அன்றைய நம் கரையையும் நாம் அறிகிறோம்.

இஸ்திகாரா என்பது பயணம் நிச்சயம் நடக்கும் என்பதற்கான சீட்டு அல்ல. நன்மை இருந்தால் எளிதாக்கு, தீமை இருந்தால் திருப்பிவிடு என்று நாமே கேட்கும் துஆ அது. திருப்பி விடப்பட்டால் அதுவும் ஏற்கப்பட்ட துஆதான். ஆகவே பயணம் நின்றால் பயண ஏற்பாட்டாளரிடம் பணத்தை முறையாகக் கேட்போம், மாற்று வழி தேடுவோம், அந்த நாளின் தொழுகையைத் தவற விடாமல் இருப்போம். ஏன் என்ற கேள்விக்கான பதில் டமாஸ்கஸில் கிடைத்ததுபோல் சில மாதங்களில் கிடைக்கலாம், மறுமையிலும் கிடைக்கலாம்.

வல்ல ரஹ்மான் நமது பயணங்களை நன்மையானதாக்கி, அவன் திருப்பி விடும்போது அதைப் பொருந்திக்கொள்ளும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.